மயோரி கடலோர ஹோட்டலின் டூர் போர்டு: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் போகிற டூரை ஹோட்டலில் வாங்குங்கள், தரையில் போகிற டூரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முட்டி வலிக்காரர்கள் கூட வந்தால் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாங்கள் தங்கியது இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் மயோரி என்ற ஊரில். நாங்கள் என்றால் நான், வீட்டுக்காரி, ஆத்தங்குடியில் பூக்கல் (பூப்போட்ட தரை ஓடு) பட்டறை வைத்திருக்கிற மச்சான், அப்புறம் எங்கள் தெருவில் இருக்கிற கானாடுகாத்தான் ஆச்சி. ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது, வலது முட்டி சரியில்லை, ஆனால் காசுக் கணக்கில் ஒரு பைசா தப்பாது. லண்டனில் இருக்கிற மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்து, "இவங்களோட போய்ட்டு வாங்க ஆத்தா" என்று எங்களோடு சேர்த்துவிட்டார்.

ஏன் மயோரி என்றால், பொசிடானோவிலும் அமால்ஃபியிலும் அறை விலையைக் கேட்டால் தலை சுற்றும், போதாததற்கு அங்கே ஹோட்டல் வாசலுக்குப் போகவே படிக்கட்டு ஏற வேண்டும். மயோரியில் தரை சமம், கடற்கரை நீளம், படகுத் துறையும் பஸ் நிறுத்தமும் நடந்து போகிற தூரம். ரோமிலிருந்து சலேர்னோவுக்கு வேக ரயில், ஏறத்தாழ ரெண்டு மணி நேரம், அங்கிருந்து படகோ பஸ்ஸோ. ஹோட்டலைப் பற்றிக் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. அறை சுத்தம், ஜன்னலைத் திறந்தால் கடல், காலைச் சாப்பாட்டில் கேக்கும் இனிப்பு ரொட்டியும்தான் அதிகம், முட்டை கேட்டால் தருவார்கள். ஊர் வரி என்று தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், அது இத்தாலியில் நிறைய ஊர்களில் உள்ளதுதான், ஏமாற்று இல்லை. நான் எழுத வந்தது ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த டூர் போர்டைப் பற்றி. அதில் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன் என்பதால் ஹோட்டல் பெயரையும் டூர் கம்பெனி பெயரையும் போடவில்லை. அந்தக் கரையில் எல்லா ஹோட்டலிலும் கிட்டத்தட்ட இதே போர்டுதான், அதனால் பெயர் தெரிந்தும் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

போர்டில் இருந்தது எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய ரோமானிய ஊர் பொம்பெய்யும் அதைப் புதைத்த வெசூவியஸ் எரிமலையும் ஒரே நாளில், காப்ரி தீவு, அமால்ஃபியும் ராவெல்லோவும், பொசிடானோவும் சொரெந்தோவும், சாயங்காலப் படகு. எல்லாம் கண்ணைப் பறிக்கிற போட்டோ. ரிசப்ஷனில் இருந்த பெண் நல்ல பெண், சிரித்த முகம், நல்ல ஆங்கிலம், ஆனால் பொம்பெய்க்கு ரயிலில் எப்படிப் போவது என்று கேட்டால் மட்டும் "ரயில் ரொம்பச் சிரமம்" என்று சொல்லிப் போர்டைக் காட்டுவாள். சிரமம் ஒன்றும் இல்லை. கமிஷன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை காட்டும், இது காரைக்குடியில் ஆட்டோ ஏறினாலும் தெரிந்த விஷயம்.

பொம்பெய் டூரைத்தான் முதலில் எடுத்தோம். காலையில் பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு, அப்புறம் ஒவ்வொரு ஊராக நின்று ஒவ்வொரு ஹோட்டல் ஆளாகப் பொறுக்கிக்கொண்டு போனது. அந்தச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில், நேப்பிள்ஸ் தனி ராஜ்யமாக இருந்த காலத்தில் மலையைக் குடைந்து போட்டது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் எதிரே பஸ் வந்தால் ரெண்டு டிரைவரும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்கிறார்கள். பார்க்க அழகு, ஆனால் வயிற்றைக் கலக்கும். ஆச்சி வெறும் வயிற்றில் ஏறியிருந்ததால் தப்பித்தார், பின் சீட்டில் ஒரு ஜெர்மன் பையன் தப்பிக்கவில்லை.

எரிமலைக்குப் போகிற முன்னால் பஸ் ஒரு கடை வாசலில் நின்றது. டூர் தாளில் "கைத்தொழில் செய்முறை விளக்கம்" என்று போட்டிருந்தது இதுதான். வெசூவியஸ் அடிவாரத்தில் தொர்ரே தெல் கிரேக்கோ என்கிற ஊர் பவளத்துக்கும் சங்கு ஓட்டில் முகம் செதுக்குகிற கேமியோ வேலைக்கும் உலகப் புகழ். தொழில் உண்மையான தொழில்தான். ஒரு பெரியவர் சங்கு ஓட்டை ஒரு குச்சி முனையில் அரக்கு மாதிரி எதிலோ ஒட்டி, மேலே வெள்ளை, கீழே பழுப்பு என்று ஓட்டில் இருக்கிற ரெண்டு நிற அடுக்கில் வெள்ளையை மட்டும் மயிரிழை மயிரிழையாகச் சீவி ஒரு பெண் முகத்தை எடுத்தார், அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அஞ்சு நிமிஷம்தான் அவர். மிச்ச நேரமெல்லாம் கடை. பவளம் நமக்குப் புதிதா என்ன? மத்தியதரைக் கடல் பவளம் காலம் காலமாக இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த சரக்கு. ஆச்சி ஒரு மாலையைக் கையில் எடுத்து, "எடை என்ன?" என்று கேட்டார். விற்கிற பெண்ணுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை, மாலைக்குத்தான் விலை, எடைக்கு இல்லை என்றாள். "எடை சொல்லாத கடையில எனக்கென்ன வேலை" என்று ஆச்சி மாலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கடையில் போன நேரம் பொம்பெய் நேரத்தில் குறைந்துவிட்டது, அதுதான் என் வருத்தம்.

எரிமலை 1281 மீட்டர். பஸ் பெரும்பகுதி மேலே கொண்டுபோய் விட்டுவிடும், கடைசிக்குச் சரளைப் பாதையில் நடந்து ஏற வேண்டும். மேலே பெரிய பள்ளம், ஓரிரண்டு இடத்தில் புகை. சரி, பார்த்தாயிற்று. முட்டி வலிக்காரர்கள் பஸ்ஸோடு இருந்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை.

பொம்பெய்க்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். காதில் மாட்டுகிற கருவி கொடுத்தார்கள், கைடு அம்மா ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் நன்றாகத் தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை, ஆனால் ரெண்டு மொழியில் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டியிருந்ததால் நமக்குக் கிடைத்தது பாதி. சதுக்கம், குளியல் மண்டபம், ரொட்டிக் கடை, அந்தக் காலத்து விலைமாதர் வீடு (அங்கே மட்டும் கூட்டம் நகரவே இல்லை), வாசல், பஸ். ரெண்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை. 66 ஹெக்டேர் ஊர், அதில் மூணில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்றாலும் தோண்டியெடுத்ததைப் பார்க்கவே ஒரு நாள் பத்தாது.

அதனால் விட்டுப்போனதைப் பார்க்க ரயிலில் மறுபடி போனோம், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் தெரிந்தது. சலேர்னோவிலிருந்து சாதாரண ரயில் பொம்பெய் ஊருக்கே போகிறது, இறங்கி நடந்தால் ஆம்பிதியேட்டர் பக்கத்து வாசல், கூட்டம் கம்மி. நுழைவுச் சீட்டு நாங்கள் போனபோது 18 யூரோ, இப்போது சீட்டில் பெயர் போட்டுத் தருகிறார்கள், ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, அதனால் கோடையில் முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாசலிலிருந்து சக்கர நாற்காலி போகிற மாதிரி மேடு பள்ளம் குறைத்து ஒரு தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். ஆச்சி பெரும்பாலும் அதிலேயே நடந்தார். டூரில் ஏன் இந்த வாசல் பக்கம் கூட்டிப்போகவில்லை என்று கேட்கத் தோன்றியது. டூர் பஸ் நிற்கிற இடம் வேறு வாசல் பக்கம், அவ்வளவுதான் காரணம்.

செட்டிநாட்டுக்காரர்கள் பொம்பெய்யில் தெருவைவிட வீடுகளைப் பாருங்கள். வாசலில் நின்றால் உள்ளே நேர்கோட்டில் பின்கட்டுத் தோட்டம் வரைக்கும் பார்வை போகும். நடுவில் கூரை திறந்த கூடம், நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழைத் தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் விழுந்து, அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகிறது. "வளவு மாதிரிதானே இருக்கு" என்றாள் வீட்டுக்காரி, செட்டிநாட்டு வீட்டின் தூண் சூழ்ந்த நடு முற்றத்தைச் சொல்கிறாள். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "தூணெல்லாம் எங்க? ரெண்டாம் கட்டுலதான வச்சிருக்காக" என்றார். பார்த்தால் அவர் சொன்னது சரி, பெரிய வீடுகளில் தூண் வரிசை உள் தோட்டத்தைச் சுற்றித்தான் அதிகம். ஃபான் வீடு என்று ஒன்று, இந்தத் தெருவில் ஆரம்பித்து அந்தத் தெருவில் முடிகிறது, ஒரு முழுத் தெருக்கட்டும் ஒரே வீடு, நம்ம பெரிய வீடுகள் மாதிரியே. வாசல் தரையில் வருக என்று லத்தீனில் கல் பதித்து எழுதியிருக்கிறது. வெட்டி வீடு பல வருஷம் மூடிக் கிடந்து 2023-இல் திறந்தது, சுவர் ஓவியம் முழுக்க அப்படியே இருக்கிறது, அந்த வீடு ரெண்டு வியாபாரிகளுடையது, அடிமையாக இருந்து விடுதலையாகிப் பணம் பண்ணினவர்கள் என்று சொல்கிறார்கள். இது எதுவும் பஸ் டூரில் இல்லை. நிழல் கிடையாது, தொப்பி வேண்டும். தெருக் குழாய்களில் குடிதண்ணீர் வருகிறது, பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.

நேப்பிள்ஸ் தொல்பொருள் மியூசியத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்துப் போங்கள். பொம்பெய்யில் கிடைத்த நல்ல சாமான்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 1938-இல் ஒரு வீட்டில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை அங்கே இருக்கிறது, பொம்பெய் லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் லட்சுமி இல்லை, யட்சி என்பதுதான் இப்போதைய பேச்சு. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கழுத்து, இடுப்பு, கை நிறைய நகை. கி.பி. 79-இல் எரிமலை வெடிப்பதற்கு முன்னாலேயே இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. நம்ம ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்ததைப் படித்தவர்களுக்கு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த சரக்கை நேரில் பார்ப்பது தனி சந்தோஷம். காமம் சம்பந்தப்பட்ட பொருள்களைத் தனியாகப் பூட்டி வைத்திருந்த ரகசிய அறை என்று ஒன்று உண்டு, சிலை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, குழந்தைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

காப்ரிக்கு வருவோம். இது கடல் டூர், ஹோட்டலில் வாங்கினோம், காசு கொடுத்ததற்கு மோசமில்லை. காரணம் எளிது: மயோரி துறையிலிருந்தே படகு, காத்திருப்பு இல்லை, போகிற வழியில் கரையை ஒட்டியே போவதால் அத்ரானி, அமால்ஃபி, ஃபுரோரே மலைப்பிளவு, பொசிடானோ எல்லாவற்றையும் கடலிலிருந்து பார்த்துவிடலாம். பஸ்ஸில் பார்த்தால் அடுத்தவன் தலைதான் தெரியும். ஊர்கள் மலையில் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது கடலிலிருந்துதான் புரியும். பொசிடானோவுக்கென்று தனியாகப் போக வேண்டுமா என்று கேட்டால் எனக்கு வேண்டாம். படகிலிருந்து பார்க்கிற அழகு இறங்கினதும் போய்விடுகிறது, பிள்ளையார்பட்டியில் சதுர்த்தியன்று நிற்கிற மாதிரி நெரிசல், கும்பிடப் பிள்ளையாரும் இல்லை.

காப்ரியின் நீலக் குகை பற்றி ஒரு எச்சரிக்கை. டூர் விலையில் அது சேராது. குகை வாசல் ஒரு மீட்டர் உயரம்தான், பெரிய படகிலிருந்து சின்னத் துடுப்புப் படகுக்கு மாறி, படகில் மல்லாக்கப் படுத்துக்கொள்ள வேண்டும், படகோட்டி சுவரில் கட்டின சங்கிலியைப் பிடித்து இழுத்து அலை இறங்குகிற நேரம் பார்த்து உள்ளே தள்ளுவார். உள்ளே சூரிய ஒளி தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதால் தண்ணீரே விளக்குப் போட்டது போல எரிகிறது, கையை விட்டால் கை வெள்ளியாகத் தெரிகிறது. உண்மையிலேயே அற்புதம், ஆனால் சில நிமிஷம்தான், அதற்கு வெயிலில் ஆடுகிற படகில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும், கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் குகையை மூடிவிடுவார்கள், படகோட்டி பாட்டுப் பாடிவிட்டு டிப்ஸ் கேட்பார். வயதானவர்கள் படுத்து எழுந்திருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆச்சி வரவில்லை, "படுத்துக்கிட்டுப் பாக்குறதுக்கு வீட்டுலயே பாத்துக்குறேன்" என்றார்.

குகைக்கு நிற்காமல் நேரே தீவின் மேல் ஊரான அனகாப்ரிக்குப் போயிருந்தால்கூட எங்களுக்குத் திருப்திதான். அங்கே சான் மிக்கேலே என்ற சின்னக் கோவில், தரை முழுக்க ஒரே படமாகப் பூ ஓடு, 1761-இல் போட்டது: ஆதாமும் ஏவாளும் சொர்க்கத்திலிருந்து துரத்தப்படுகிறார்கள், சுற்றி உலகத்தில் உள்ள மிருகமெல்லாம், ஒற்றைக் கொம்புக் குதிரை உட்பட. தரையில் கால் வைக்க முடியாது. சுவரை ஒட்டிப் பலகை போட்டிருக்கிறார்கள், அதில் நடந்து, சுழல் படியில் மாடத்துக்கு ஏறி மேலேயிருந்து பார்க்க வேண்டும். ஆச்சி கீழே பலகையிலேயே நின்றுகொண்டு, "தரையப் பாக்க மச்சுல ஏறணுமாக்கும்?" என்றார். மச்சான் மேலேயிருந்து இறங்கவே இல்லை. ரெண்டு ஓடு சேர்கிற இடத்தில் ஆதாம் கால் விரல் கோடு தப்பாமல் தொடர்கிறதை போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், படகு நேரம் ஆகிவிட்டதென்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொண்டுவந்தோம்.

அடுத்த நாளே மச்சானுக்கு வியெத்ரி போக வேண்டும். இதுவும் போர்டில் இல்லாத ஊர், அமால்ஃபி கரையின் கிழக்குக் கோடி, சலேர்னோவை ஒட்டி, மயோரியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். ஊரே பீங்கான் ஓடு. கடைப் பெயர்ப் பலகை, படிக்கட்டு, பெஞ்சு, கோவில் கோபுரம் எல்லாம் ஓடு. கடைகளில் எலுமிச்சம்பழம் வரைந்த தட்டுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும், அவற்றை விட்டுவிட்டுப் பின்பக்கம் பட்டறை இருக்கிற கடைகளாகப் பார்த்து நுழையுங்கள், வேலை செய்வதைப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள்.

நாங்கள் நுழைந்த பட்டறையில் ஒரு பெண் வரைந்துகொண்டிருந்தார். சுட்ட களிமண் ஓட்டில் வெள்ளைப் பூச்சு மாவு போலக் காய்ந்திருக்கிறது. குத்தூசியால் துளையிட்ட காகிதத்தை அதன்மேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டினால் கீழே புள்ளி புள்ளியாகப் படம் இறங்குகிறது, அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு தூரிகை ஓடுகிறது. தூரிகை தொட்ட இடத்தில் பூச்சு வண்ணத்தை உடனே குடித்துவிடும், அழிக்க முடியாது, கை நின்றால் அங்கே திட்டு விழும். அப்புறம் மறுபடி சூளை. வரையும்போது மங்கலாக இருக்கிற வண்ணம் சூளையிலிருந்து வந்த பிறகுதான் பளிச்சென்று வரும், அதுவரைக்கும் நம்பிக்கைதான். மச்சான் கேட்டது ஒரே கேள்வி: "சதுர அடி என்ன விலை?" அவர்கள் சதுர மீட்டரில் சொன்னார்கள், மச்சான் போனில் கணக்குப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஆத்தங்குடிப் பட்டறை வீடியோவைக் காட்டினார். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் அச்சை வைத்துச் சிமெண்டில் கலந்த கலர்களைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு அழுத்திச் சமப்படுத்தி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு, காயவைத்துக் கண்ணாடியைக் கழற்றினால் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இறங்கியிருக்கும். "சூளை எங்கே?" என்று அந்தப் பெண் கேட்டார். சூளையே கிடையாது என்றதும் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கண்ணாடி கழல்கிற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார். காசு கொடுத்துப் போன டூர் எதிலும் இப்படி ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. வாங்க நினைக்கிறவர்களுக்கு: ஓடு கனம், விமானத்தில் எடை கூடிவிடும், கடைக்காரர்களே அனுப்பி வைக்கிறார்கள், ஆனால் இந்தியாவில் சுங்க வரி தனி, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது முட்டி வலிக்காரர்கள் விஷயம். அமால்ஃபி, ராவெல்லோ ரெண்டுக்கும் சொந்தமாகப் போக வழி இருக்கிறது, அமால்ஃபிக்குப் படகு, அங்கிருந்து ராவெல்லோவுக்கு மலைப் பஸ். ஆனால் அந்தப் பஸ் வரிசை கோடையில் நீளம், வெயிலில் நின்று, ஏறின பிறகும் நின்று, கொண்டை ஊசி வளைவுகளில் போவது ஆச்சியால் ஆகாது. இதற்கு மட்டும் ஹோட்டல் மூலம் டிரைவரோடு வேன் எடுத்தோம், நாலு பேருக்குப் பிரித்தால் தாங்கும் விலை, வாசலில் ஏற்றி வாசலில் இறக்கினார், கடை எதிலும் நிறுத்தவில்லை. சொந்தமாகக் கார் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கூட்ட நாட்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா பார்த்துத்தான் விடுகிறார்கள், நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தாலும் பார்க்கிங் கட்டணம் சாப்பாட்டுச் செலவைத் தாண்டும்.

ராவெல்லோ கடலுக்கு மேலே ஏறத்தாழ 350 மீட்டர், காற்று வேறு, சத்தம் வேறு. வில்லா ருஃபோலோவின் தோட்டத் திட்டிலிருந்து கீழே மயோரி, மினோரி ரெண்டும் தெரியும், எங்கள் ஹோட்டலைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

அமால்ஃபி வேறு ரகம். இன்றைக்குப் பார்த்தால் எலுமிச்சை சோப்பும் லிமோன்செல்லோ என்கிற எலுமிச்சை மதுவும் விற்கிற தெரு, ஆனால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இது தனிக் குடியரசு, கப்பல் வியாபாரிகளின் ஊர், கான்ஸ்டாண்டினோபிளில் இவர்களுக்கென்று தனிக் குடியிருப்பு இருந்தது, ஜெருசலேமில் யாத்ரீகர்களுக்கு விடுதியும் மருத்துவமனையும் நடத்தினார்கள். சதுக்கத்துக்கு மேலே இருக்கிற பெரிய தேவாலயத்தின் வெண்கலக் கதவு 11-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளில் வார்த்து, ஊர் வியாபாரி ஒருவர் செலவில் கப்பலில் வந்தது. 1343-இல் பெரும் புயலில் கடல் ஏறி, துறைமுகத்தையும் ஊரின் கீழ்ப்பகுதியையும் கொண்டுபோனது. டிரைவர் இதையெல்லாம் சொல்லச் சொல்ல வீட்டுக்காரி தமிழில் சொன்னாள். ஆச்சி தேவாலயத்தின் 62 படி ஏறவில்லை, கீழே சதுக்கத்தில் நீரூற்றுப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இவுகளும் கொண்டுவிக்கப் போனவுகதான்" என்றார், கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வது. பிறகு கொஞ்சம் யோசித்து, "நாங்க காவிரிப்பூம்பட்டினத்த விட்டு வந்து மேடு பாத்து, வீட்டையும் ஒசத்திக் கட்டுனோம். இவுக அந்த எடத்துலயே ஒக்காந்துட்டாக" என்றார். டிரைவருக்கு இதை மொழிபெயர்த்தோம், மலையைக் காட்டித் தோளைக் குலுக்கினார், வேறே எங்கே போவது என்கிற மாதிரி.

சாப்பாடு பற்றி ரெண்டு வார்த்தை. டூரில் "மதிய உணவு உட்பட" என்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், ஆறின பாஸ்தாவும் நாலு இலையும்தான். வெளியே நீங்களே சாப்பிட்டால் தக்காளி பாஸ்தா, கத்தரிக்காயை அடுக்கிச் சுட்ட பார்மிஜானா ரெண்டும் எங்கும் கிடைக்கும், நம்ம நாக்குக்கும் ஒத்துப்போகும். மேசைக்கு உட்கார்ந்ததற்கே கோப்பெர்த்தோ என்று தலைக்கு ஒரு தொகை பில்லில் வரும். சைவர்கள் செத்தாரா ஊரில் மட்டும் கவனம்: கொலதூரா என்று நெத்திலியை உப்பில் போட்டு அழுத்தி மாசக்கணக்கில் வடிக்கிற சாறு, அம்பர் நிறம், அதைப் பாஸ்தாவில் ஊற்றினால் மீன் துண்டு ஒன்றுகூடத் தெரியாது, பூண்டும் எண்ணெயும் மாதிரி இருக்கும். மச்சான் ஒரு பாட்டில் வாங்கிவிட்டார், கருவாட்டுக் குழம்பில் விட்டுப் பார்க்கப் போகிறாராம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பெஸ்தும், அதுவும் போர்டில் இல்லை. சலேர்னோவிலிருந்து தெற்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள், ஸ்டேஷனிலிருந்து நேராக நடந்தால் பழைய ஊரின் மதில். கிரேக்கர்கள் குடியேறின ஊர், மூன்று பெரிய கற்கோவில்கள், கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டு, கூரை போய்விட்டது, தூண்கள் அப்படியே நிற்கின்றன, புல்வெளிக்கு நடுவே. தரை சமம், ஆச்சி தனியாகவே ஒரு சுற்று நடந்தார். தூணின் இடுப்பு புடைத்து மேலே குறுகுகிறதைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் பார்க்கலாம், பக்கத்தில் குடை பிடித்த கைடு இல்லை, வரிசை இல்லை. மியூசியத்தில் குதிப்பவன் கல்லறை என்று ஒரு கல் பலகை, உயரத்திலிருந்து ஒருவன் தண்ணீருக்குள் பாய்கிறான், நாலே கோட்டில் வரைந்தது, ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுற்றிலும் எருமைப் பண்ணைகள். அந்த வட்டாரத்து மொத்சரெல்லா பாலாடைக்கட்டி எருமைப் பாலில்தான். எருமையைப் பார்த்ததும் ஆச்சிக்கு வந்த உற்சாகம் காப்ரியில் வரவில்லை. வெள்ளை உருண்டையை வெட்டினால் பால் கசிகிறது, ஆச்சி உப்பு கேட்டு வாங்கித் தொட்டுச் சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டார்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில. பஸ் டிக்கெட்டை ஏறும் முன்பே வெளியே டி எழுத்துப் பலகை போட்ட கடையில் வாங்க வேண்டும், ஏறினதும் இயந்திரத்தில் முத்திரை போட வேண்டும். படகுகள் வசந்த காலத்திலிருந்து அக்டோபர் வாக்கில் வரைதான், குளிர்காலத்தில் போனால் பஸ்தான் கதி. மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் நல்லது. ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களே மொத்தமாகக் கடற்கரைக்கு வந்துவிடுகிறார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே துறையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதை விட்டால் அமால்ஃபி பஸ் வரிசையில்தான் நிற்க வேண்டும், அங்கே வரிசை என்று ஒன்று இருப்பதும் பஸ் வருகிற வரைக்கும்தான்.